மூட்டைக்கு வைத்த சீல்

1. பெயர்

நான் எழுதிய பேக்கேஜ் மேனேஜர் புரோகிராமுக்கு 'மூட்டை' என்று பெயர் வைத்தபோது ஆபீசில் சிரிக்காதவர்கள் இல்லை.

"இன்னாம்மா, மார்க்கெட்டுக்கு வெங்காயம் ஏத்துற மாரி பேரு வெச்சிருக்க?" என்றார் முதலாளி கனகராஜ் சார்.

"வேலையும் அதானே சார்" என்றேன்.

எங்கள் கம்பெனி ஆம்பூரில் இருக்கிறது. ஷூ ஃபேக்டரிகளுக்குத் தோல் வெட்டும் மெஷின்களை விற்று, அவற்றுக்கான சாஃப்ட்வேரையும் நாங்களே எழுதுகிறோம். அதற்கென்றே 'வார்' என்று ஒரு சின்ன புரோகிராமிங் மொழி வைத்திருக்கிறோம். ஷூ அளவைக் கணக்கிட ஒரு பேக்கேஜ், தோல் வீணாகாமல் துண்டுகளை அடுக்க இன்னொன்று என்று தனித்தனியாக எழுதுவோம். ஒன்று ஓட இன்னொன்று தேவைப்படும். முன்பெல்லாம் எதை மாற்றினாலும் பென் டிரைவோடு ராணிப்பேட்டைக்கும் வாணியம்பாடிக்கும் பைக்கில் ஓட வேண்டும். எந்த மெஷினில் எந்தப் பதிப்பு இருக்கிறது என்பது ஆண்டவனுக்குத்தான் தெரியும். மூட்டை வந்தபிறகு அந்த ஓட்டம் நின்றது. காலையில் மெஷினை ஆன் செய்தால், தேவையான பேக்கேஜ்களை எங்கள் சர்வரிலிருந்து அதுவே இறக்கிக்கொள்ளும். எப்போதும் ஆகப் புதியதைத்தான் இறக்கும்.

அந்தக் கடைசி விஷயத்தில்தான் எனக்குக் கர்வம் அதிகம். மற்ற மொழிகளில் எந்தப் பதிப்பு என்பதை ஒரு ஃபைலில் பூட்டி வைப்பார்கள். எனக்கும் அது தெரியும். ஃபேக்டரி ஆட்களுக்கு எதற்கு அந்தத் தலைவலி என்று நானே முடிவு செய்துகொண்டேன். அவர்களில் ஒருவரைக்கூட கேட்கவில்லை.

2. ஒரு மில்லிமீட்டர்

ஒருநாள் காலை பத்து மணிக்கு சகாயம் அண்ணாவிடமிருந்து போன் வந்தது. எங்கள் பெரிய கஸ்டமர் ஃபேக்டரியில் அவர் கட்டிங் சூப்பர்வைசர். சாதாரணமாகச் சத்தமாகப் பேசுகிறவருக்கு அன்று குரலே எழும்பவில்லை.

"மேடம், நேத்து வெட்டுன அப்பரும் இன்னிக்கு வெட்டுன லைனிங்கும் சேரல. ஸ்டிச்சிங் அப்படியே நின்னுபோச்சு. அளவு செட்டிங்ல நான்தான் கை வெச்சேன்றாங்க. பாஸ்வேர்டு என்கிட்ட மட்டும்தான் இருக்குதாம். என்னை சஸ்பெண்ட் பண்ண லெட்டர் அடிச்சிட்டாங்க. நான் தொடவே இல்ல மேடம்."

முந்தின நாள் மாலை அளவு பேக்கேஜில், அளவுகளை முழு எண்ணாக்கும் ரவுண்டிங்கில் இருந்த பிழையைச் சரிசெய்து சர்வரில் ஏற்றியவள் நான். திருத்தம் சரியானதுதான். ஆனால் ஷூவின் மேல்தோலான அப்பர் முழுக்கப் பழைய கணக்கில் வெட்டியாகிவிட்டது. காலையில் மெஷின் ஆன் ஆனதும் மூட்டை யாரையும் கேட்காமல் புதியதை இறக்கி, உள்பக்கத் தோலான லைனிங்கைப் புதுக் கணக்கில் வெட்ட வைத்திருக்கிறது. வித்தியாசம் ஒரே ஒரு மில்லிமீட்டர். ஷூ கெட்டுப்போக அது போதும்.

நான் ஃபேக்டரிக்குக் கிளம்பும்போது கனகராஜ் சார் வாசலில் மறித்தார்.

"நம்ம தப்புன்னு வாயத் தொறக்காத. மெஷின் எல்லாத்தையும் திருப்பி அனுப்பிடுவாங்க. கரண்ட் பிராப்ளம்னு ஏதாச்சும் சொல்லிட்டு வா."

"அப்ப சகாயம் அண்ணா?"

"அத அவங்க பாத்துப்பாங்கம்மா."

லேப்டாப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன். இருந்த கோபத்துக்கு வாயைத் திறந்திருந்தால் வேலையை அங்கேயே விட்டிருப்பேன்.

3. மேனேஜர் ரூம்

ஃபேக்டரி மேனேஜரின் மேஜையில் கையெழுத்துக்காக அந்த லெட்டர் கிடந்தது. பக்கத்தில் சீல் சாம்பிள். ஆர்டர் தொடங்கும் முன், சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் பார்த்து ஒப்புக்கொண்ட ஷூவை அப்படிச் சொல்வார்கள். ஓர் அட்டை கட்டி சீல் வைத்திருப்பார்கள். தோலின் லாட், நூலின் நம்பர், ஒட்டும் பசை என்று எல்லாம் அந்த அட்டையில் இருக்கும். கீழே பையரின் கையெழுத்து.

"பாருங்க மேடம். இதுல நூல மாத்தணும்னாகூட பையர் கையெழுத்து வேணும். இவரு அளவையே மாத்தியிருக்காரு" என்றார் மேனேஜர்.

சகாயம் அண்ணா சுவரோரமாகத் தலையைக் குனிந்தபடி நின்றிருந்தார். இருபது வருஷ சர்வீஸ்காரர் அவர்.

"அவரு மாத்தல சார். நான்தான் மாத்துனேன்" என்றேன்.

லேப்டாப்பைத் திறந்து, எந்தப் பேக்கேஜ் எத்தனை மணிக்கு இறங்கியது என்று காட்டினேன். மேனேஜர் கத்தினார். "யாரக் கேட்டு மாத்துனீங்க?" என்று மூன்று தடவை கேட்டார். யாரையும் கேட்கவில்லை என்று மூன்று தடவையும் சொன்னேன். கத்தி முடித்ததும் லெட்டரை நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டார். சகாயம் அண்ணா நேராக மெஷினுக்குப் போனார். பழைய பேக்கேஜை நான் திரும்பப் போட்டதும் லைனிங்கை மறுபடி வெட்ட ஆரம்பித்தார்.

அந்த அட்டையை போனில் படம் எடுத்துக்கொண்டுதான் திரும்பினேன்.

4. சீல்

மூட்டையைப் பாதிக்கு மேல் திரும்ப எழுதினேன். இப்போது புது ஆர்டர் வந்தால் முதல் ஜோடியை வெட்டித் தைத்துப் பார்ப்பார்கள். சரி என்றதும் மெஷினில் உள்ள ஒவ்வொரு பேக்கேஜின் பதிப்பும், அது நம்பியிருக்கும் பேக்கேஜ்களின் பதிப்பும் பட்டியலாகப் பூட்டப்படும். ஆர்டர் முடியும்வரை சர்வரில் எது வந்தாலும் அந்தப் பட்டியல் அசையாது. மாற்றியே ஆக வேண்டுமென்றால் கட்டிங் சூப்பர்வைசர் தன் ரகசிய நம்பரைப் போட வேண்டும். எங்கள் கம்பெனியில் யாரிடமும் அந்த நம்பர் கிடையாது.

"அவருக்கு கோடிங் தெரியுமாம்மா?" என்றார் கனகராஜ் சார்.

"ஷூ தெரியும் சார்."

நல்ல வேளையாக ஒரு மெஷின்கூடத் திரும்பி வரவில்லை.

அடுத்த சீசனில் ஒரு பேக்கேஜின் புதுப் பதிப்பைக் காட்ட, வெளியூர்க் கஸ்டமர்கள் இரண்டு பேரை அதே ஃபேக்டரிக்கு சார் அழைத்து வந்தார். எல்லோரும் பார்க்க, அதை மெஷினில் இறக்க நான் கமாண்ட் அடித்தேன். 'சீல் வைக்கப்பட்டுள்ளது. சூப்பர்வைசர் அனுமதி தேவை' என்று திரையில் வந்தது.

சார் அசடு வழியச் சிரித்தார். "நம்பரப் போடுங்க சகாயம். நம்ம மேடம்தானே!"

சகாயம் அண்ணா என்னை நேராகப் பார்த்தார். "மேடமா இருந்தாலும் ஆர்டர் முடியட்டும் சார். இன்னும் ரெண்டு நாள்தான்."

சாரின் முகம் சுண்டிப்போனது. எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். இத்தனை வருஷ வேலையில் எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்த நிமிஷம் வேறு இல்லை. புரோகிராம் எழுதக் கற்கும் நீங்களும் ஒருநாள் இப்படி ஏதாவது எழுதுவீர்கள். உங்கள் புரோகிராம் உங்களையே நிறுத்திவிட்டு, அதை வைத்து வேலை செய்கிறவரிடம் சம்மதம் கேட்டால் கோபப்படாதீர்கள். அதை நீங்கள் சரியாக எழுதியிருக்கிறீர்கள்.