ஒன்றரை அடிப் படியும் பெப்ரவரி வள்ளமும்

2025 ஜனவரி 11, சனிக்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். சீனியில்லாமல் ஒரு கோப்பை சாயத்தண்ணி. ஐந்தே முக்காலுக்குச் சவரம். ஆறரைக்குத் தோட்ட அலுவலகத்தின் பின்னால் கம்பி வேலிக்குள் நிற்கும் மழைமானியைத் திறந்து, சேர்ந்திருந்த தண்ணீரை அளவுக் கண்ணாடியில் ஊற்றிக் கண்மட்டத்தில் பிடித்துப் பார்த்தேன். நான்கு மில்லிமீற்றர். பதிவேட்டில் எழுதிவிட்டுத் தோட்டத் துரைக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர் சிங்களத்தில் "ஹரி", சரி, என்றார். மழை குறைவு என்பதால் அன்று இறப்பர் பால்வெட்டு நடந்தது. ஒரு மணிக்கு அலுவலகத்தைப் பூட்டினேன். பகலுக்குப் பலாக்காய்க் கறி.

பெல்மதுளைக்கு மேலே, பாதி இறப்பரும் பாதித் தேயிலையுமான ஒரு தோட்டத்தில் நான் பெரிய கிளாக்கர். மழைமானி என் பொறுப்புக்கு வந்து இருபத்தாறு ஆண்டுகள். நாளின் முதல் வேலை அதுதான், ஞாயிறானாலும் பௌர்ணமிப் போயாவானாலும். என் கல்யாணத்தன்று காலையிலும் மாப்பிள்ளை வேட்டியோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பதினொரு மில்லிமீற்றர். தாலி கட்டப் பத்து நிமிடம் பிந்தியது. மனைவி இதை வருடத்துக்கு ஒருமுறையாவது யாரிடமாவது சொல்லுவாள்.

அவள் வேலை பார்ப்பது பிள்ளை மடுவத்தில். கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளைக் காலையில் அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். பத்தொன்பது வருடம் குனிந்து தூக்கியதில் அவளுடைய முழங்கால்கள் இரண்டும் தேய்ந்துவிட்டன. வலது காலுக்குச் சத்திரசிகிச்சை செய்வதற்கு இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் ஏறத்தாழ இரண்டு வருடம் காத்திருந்து ஒரு திகதி கிடைத்தது: மார்ச் 6. டொக்டர் எல்லாவற்றையும் விளக்கி முடித்து, ஏதாவது கேட்க வேண்டுமா என்றார்.

"ஆப்பரேசனுக்கு அப்புறம் வள்ளத்துல ஏறலாங்களா?" என்று கேட்டாள்.

டொக்டர் என்னைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்து, "முதல்ல கட்டில்ல இருந்து இறங்குங்க அம்மா. வள்ளத்தைப் பிறகு பார்ப்போம்" என்றார். பிறகு என்றால் எப்போது என்று நான் கேட்டேன். குறைந்தது ஆறு மாதம். அதற்குப் பிறகு அநேகமாக இடது கால்.

வள்ளம் வந்த கதை இது. போன செப்டெம்பரில், மனைவி தொலைபேசியில் ஒரு வீடியோ பார்த்தாள். பொத்துவிலுக்குத் தெற்கே, கடலோரத்து உப்பேரியாக ஒரு களப்பு. கரையில் கண்டல் மரங்களுக்கு நடுவே பலகை வீடுகள் நான்கு. அங்கே தங்கி, வள்ளத்தில் களப்பு வழியாக முகத்துவாரம் வரை போய், கடலில் இறங்கித் தூண்டில் போட்டு, மணலில் சமைத்துத் தின்று, மறுநாள் திரும்புகிறார்கள். அதில் நரைத்த கொண்டையோடு ஒரு பெண், வள்ளத்தின் நடுவில் உட்கார்ந்தபடி, தன் கை நீளத்துக்கு ஒரு மீனை இழுத்து எடுக்கிறாள். மனைவி அதைப் பதினொரு தடவை பார்த்தாள். ஏழாவது தடவையிலிருந்து நானும் பார்த்தேன்.

சிறுவயதில், தோட்டத்து லயத்து வீடுகளுக்குக் கீழே ஓடும் ஆற்றில், மூங்கில் குச்சியில் நூல் கட்டிக் கெளுத்தி பிடித்தவள் அவள். அவளுடைய அண்ணன் கூடையைப் பிடித்துக்கொண்டு நிற்பாராம். மீன் அவருக்கு ஒருநாளும் பட்டதில்லை.

"எனக்கு ஒரே ஒரு மீன்" என்றாள். "வள்ளத்துல உக்காந்து, நானே புடிக்கணும். காலு வெட்டுறதுக்கு முன்னாடி."

அன்று மாலையே நான் தடித்த அட்டை போட்ட ஒரு புதிய சீ.ஆர். கொப்பி எடுத்துத் திட்டம் எழுதத் தொடங்கினேன்.

நான்கு மாதத்தில் அந்தக் கொப்பியில் அறுபத்திரண்டு பக்கம் நிரம்பியது. பாதை ஒரு பக்கம்: பலாங்கொடை, பெரகலை, வெல்லவாய, மொணராகலை, பொத்துவில். எந்த ஊரில் கழிவறை சுத்தமானது என்பது அதற்கு எதிர்ப்பக்கம். கொண்டுபோகும் சாமான்கள் ஐந்து பக்கம். பலகை வீட்டைப் பார்த்துக்கொள்ளும் மனிதரிடம் மூன்று தடவை தொலைபேசியில் பேசிப் பதினான்கு கேள்விகள் கேட்டேன். அவர் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். இறங்குதுறைப் பலகையிலிருந்து வள்ளத்தின் விளிம்பு எவ்வளவு உயரம் என்று கேட்டபோது மட்டும், "இருங்க சேர், அளந்து சொல்றன்" என்று போய்விட்டு வந்தார். ஒன்றரை அடி.

மறுநாள் முற்றத்தில் செங்கல் அடுக்கி ஒன்றரை அடியில் ஒரு படி கட்டினேன். மனைவி தினமும் மாலை ஐந்து தடவை ஏறி இறங்கினாள். நான் நேரம் பார்த்தேன். ஒக்டோபரில் ஒரு தடவைக்கு இருபத்தொன்பது விநாடி. ஜனவரியில் பதினேழு. பிள்ளை மடுவத்துக் குழந்தைகளின் அம்மாக்கள் அந்த வழியாகப் போகும்போது நின்று பார்ப்பார்கள். ஒருத்தி, "அக்கா, சாமி கும்புடுறீங்களா?" என்று கேட்டாள். "இல்ல, கடலுக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் ஏறினாள்.

திகதியைத் தெரிவுசெய்தது நான். அதில் எனக்குப் பெருமை இருந்ததை மறைக்கவில்லை. இருபத்தாறு ஆண்டுப் பதிவேடுகளையும் எடுத்து மாதவாரியாகப் பார்த்ததில், மழை மிகக் குறைந்த மாதம் பெப்ரவரி. பெப்ரவரி 1 சனி, 2 ஞாயிறு, 4 செவ்வாய் சுதந்திர தின விடுமுறை. திங்கள் ஒருநாள் லீவு எடுத்தால் நான்கு நாள். மார்ச் 6க்கு முன் ஒரு மாதம் ஓய்வு. இதைவிடச் சரியாக ஒரு பயணத்தை யாரும் திட்டமிட முடியாது என்று 9ஆம் பக்கத்தின் அடியில் எழுதி வைத்திருக்கிறேன்.

சனிக்கிழமைக்கு வருகிறேன். நாலு மணிக்கு மைத்துனர், அதாவது மனைவியின் அண்ணன், வேனோடு வந்தார். பெல்மதுளையில் வாடகை வேன் ஓட்டுகிறார். அவர்தான் எங்களைக் கூட்டிப்போவதாக இருந்தது. மனைவி காலை நீட்டி உட்காருவதற்காக, வேனின் முன் ஆசனத்தை எவ்வளவு பின்னால் தள்ளலாம் என்று அளந்தோம். பிறகு அவர் கொப்பியைப் புரட்டினார்.

"மச்சான், இது என்ன? அட்டைக்கு சவர்க்காரம், ரெண்டு கட்டி?"

"அட்டை கடித்தால் பூசுவதற்கு."

"கடற்கரையில ஏது மச்சான் அட்ட?"

எனக்கு அது தோன்றவில்லை. வெளியே போவதென்றால் அட்டைக்குச் சவர்க்காரம் எடுப்பதுதான் இங்கே வழக்கம். அந்த வரியை அடித்தேன்.

"அனே, பவ்" என்று சிங்களத்தில் பரிதாபப்பட்டார் மைத்துனர், தங்கையைப் பார்த்து. "இந்த மனுசனோட எப்புடிம்மா குடும்பம் நடத்துற?"

"நேரத்துக்கு நடத்துறேன்" என்றாள் மனைவி.

ஐந்து மணிக்குப் பதினைந்தாவது கேள்விக்காகத் தொலைபேசி எடுத்தேன். வள்ளத்தில் போட்டுக்கொள்ளும் காப்புச் சட்டைகள் என்ன அளவில் இருக்கின்றன என்பது கேள்வி. எங்கள் வீட்டில் இப்படிப்பட்ட பேச்சைச் சத்தமாக வைத்துத்தான் பேச வேண்டும். மனைவி பக்கத்தில் வந்து நின்றாள்.

"சட்டை ரெண்டு மூணு கிடக்கு சேர்" என்றார் அந்த மனிதர். "வரக்குள்ள பாத்துக்கலாம். எப்ப வாற யோசன?"

"பெப்ரவரி முதலாம் திகதி. பகல் இரண்டு மணிக்கும் இரண்டரைக்கும் இடையில்."



"பெப்ரவரியா? சேர், இப்ப பூட்டித்தானே கிடக்கு. வாடக் காத்து. கடல்ல வள்ளம் இறக்க ஏலாது. மழையெல்லாம் முடிஞ்சு சித்திரைக்குத்தான் திறப்பம். எல்லாருக்கும் தெரிஞ்ச விசயந்தானே எண்டு நான் கேக்கல்ல."

"பெப்ரவரிதான் ஆண்டிலேயே மழை குறைந்த மாதம்" என்றேன்.

"எங்க சேர்?"

"இங்கே."

"அது அங்க சேர்" என்றார். குரலில் கேலி இல்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

ஐந்தாம் வகுப்பில் இரண்டு பருவக்காற்றுகளைப் பற்றிய கேள்விக்கு முழுப் புள்ளி எடுத்தவன் நான். இங்கே நனையும்போது கிழக்கே காயும், இங்கே காயும்போது அங்கே நனையும். படமும் வரைந்திருக்கிறேன். ஆனால் இருபத்தாறு ஆண்டுகளாக ஒரே மழைமானிப் புனலைப் பார்த்துப் பார்த்து, அதற்குள் விழுவதுதான் இலங்கையின் மழை என்று என்னை அறியாமல் முடிவுசெய்திருந்தேன். பதினான்கு கேள்விகளில், திறந்திருப்பீர்களா என்ற கேள்வி இல்லை. நன்றி சொல்லித் தொலைபேசியை வைத்தேன்.

"தகர டப்பாவையே பாத்துக்கிட்டு இருந்தா இப்புடித்தான்" என்றார் மைத்துனர்.

மனைவி முற்றத்துக்குப் போய்ச் செங்கல் படியில் ஒரு தடவை ஏறி இறங்கினாள். பிறகு அதிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் நேரம் பார்க்கவில்லை.

63ஆம் பக்கத்தில் மூன்று நிரல் வரைந்தேன். ஒன்று, சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போடுவது. மறுபடி இரண்டு வருட வரிசை. இரண்டு, பயணத்தை இரண்டு கால்களும் ஆறிய பிறகு வைத்துக்கொள்வது. மூன்று, பெப்ரவரியில் அமைதியாக இருக்கும் மேற்குக் கரைக்கு, கற்பிட்டிப் பக்கம் போவது. கொப்பியை வெளியே கொண்டுபோய்க் காட்டினேன்.

"கற்பிட்டிக்கு ஒரு கொப்பி போடுவீங்க" என்றாள்.

"சிறியதுதான்."

"போட்டு முடிக்க ஆப்பரேசன் முடிஞ்சிரும். காலும் ஆறிரும்." கையை நீட்டினாள். "போனைக் குடுங்க."

அவளே அந்த எண்ணை அழுத்தினாள். சத்தமாகத்தான்.

"தம்பி, நான் அந்த பெப்ரவரி சேரோட வீட்டுக்காரம்மா பேசுறேன். கடல் வேணாம். களப்புக்குள்ள வள்ளம் போகுமா?"

"களப்புக்குள்ள போகும் அக்கா. ஆனா சமைக்கிற ஆள் ஊருக்குப் போயிட்டான். கறண்ட் போய்ப்போய் வரும். பாதையில முழங்காலளவு தண்ணி. மழை வேற."

"மழ எவ்வளவு பெய்யும்?"

"பொழுதுபட்டா நல்லாப் பெய்யும். ரெண்டு மணித்தியாலம் விடாது."

மனைவி என்னைப் பார்த்தாள். மைத்துனர் வேன் கதவில் சாய்ந்துகொண்டு சிரிக்கத் தொடங்கியிருந்தார்.

"ரெண்டு மணித்தியாலமா?" என்றாள். "தம்பி, நாங்க இருக்கிறது ரத்தினபுரிப் பக்கம். ரெண்டு மணித்தியாலம் பெய்ஞ்சா நாங்க குடையே எடுக்க மாட்டோம்."

அந்த மனிதரும் சிரித்துவிட்டார்.

"மீன் இருக்கா?"

"மீனுக்கு இதுதான் நேரம் அக்கா. முகத்துவாரம் வெட்டி விட்டிருக்கு. கடல்ல இருந்து கொடுவா உள்ள ஏறி நிக்கிது. வாற ஆக்கள் வெயிலுக்குத்தானே வாறாங்க, மீனுக்கில்லையே." கொஞ்சம் யோசித்தார். "சமையல் நீங்க பாப்பீங்க எண்டா ஒரு வீட்டத் திறந்து தாறன். ஒரு விசயம். திங்கக்கிழம வள்ளத்தக் கரையில ஏத்தித் தார் பூசப்போறன். ஏத்தினா மாசிக் கடைசி வரைக்கும் இறக்க மாட்டன். வாறதெண்டா நாளைக்குக் காலம்பற சொல்லுங்க. ஏழு மணிக்குள்ள. அதுக்குப் பிறகு எனக்கு வயல் வேல."

"சேர் சொல்லுவாரு" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை என் கொப்பியின் மேல் வைத்தாள்.

"நீயே சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"வள்ளம் போகுமான்னு கேட்டது நான். லீவு போட வேண்டியது நீங்க. சமைக்க வேண்டியதும் நீங்க." சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து உள்ளே போனாள்.

மைத்துனர் புறப்படும்போது, "முழங்காலளவு தண்ணியில என் வேன் போகாது மச்சான்" என்றார். "கடைசித் துண்டுக்கு டிரக்டர் புடிக்கணும். அதையும் எழுதி வைங்க." வேனில் ஏறியவர் கண்ணாடி வழியே மறுபடி தலையை நீட்டி, "ஏழு மணி. ஞாபகம் இருக்கட்டும்" என்றார்.

ஏழிலிருந்து எட்டு வரை கொப்பியைச் சரிபார்த்தேன். அறுபத்திரண்டு பக்கங்களில் இன்னும் செல்லுபடியாகும் பக்கங்கள் பதினெட்டு. சமையல்காரர் இல்லை. மின்சாரம் நிச்சயமில்லை. மணலில் சமைப்பது மழையில் நடக்காது. முகத்துவாரம் வரையான பயணம் முழுவதும் போய்விட்டது. அட்டைக்குச் சவர்க்காரம் மட்டும் தேவைப்படலாம் போலிருந்தது. அடித்த வரியை மறுபடி எழுதினேன். இரண்டாவது நிரலில் இருந்த "இரண்டு கால்களும் ஆறிய பிறகு" என்பதற்கு எதிரே ஆண்டு எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது. என்ன ஆண்டு போடுவதென்று கணக்குப் பார்த்தேன். எந்த ஆண்டும் பொருந்தவில்லை. அவள் அறையில் இருந்து, "லைட்ட அணைங்க" என்றாள். அணைத்தேன். எட்டே காலுக்குப் படுத்தோம்.

ஜனவரி 12, ஞாயிற்றுக்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். சாயத்தண்ணி கொதிக்க முன், ஐந்து பத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். அந்த மனிதர் தூக்கத்தில் இருந்தார். வள்ளத்தைக் கரையேற்ற வேண்டாம், முதலாம் திகதி இரண்டு மணிக்கும் இரண்டரைக்கும் இடையில் வருகிறோம், மீன் பிடிப்பது ஒருவர், சமைப்பது ஒருவர் என்று சொன்னேன். சரி சேர் என்றவர், எதையாவது பேச வேண்டுமே என்பதற்காக, "அங்க ராவு மழையா சேர்?" என்று கேட்டார்.

இன்னும் பார்க்கவில்லை என்றேன்.