கீழ் நிலையத்தின் மஞ்சள் திரை

மட்டக்காரருக்கு எழுபத்தொன்பது முடிந்து நான்கு மாதம். குடிநீர் வாரியத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவர். அதில் இருபத்திரண்டு வருடம் ஒரே இடம்தான்: ஊருக்கு வெளியே, பம்புகள் ஓடும் கீழ் நிலையம். ஒரு பம்பு அறை, ஒட்டினாற்போல் ஓர் அலுவலக அறை, பின்னால் குடியிருக்க ஓர் அறையும் சமையலறையும். அங்கிருந்து பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி, மேட்டில் நீர்த்தேக்கம். அதன் கரையில் மேல் நிலையம். அங்கும் ஒரே ஊழியர்.

மேல் நிலையத்துக்காரர் தேக்கத்தின் நீர்மட்டத்தைப் பார்த்துக் காலை ஏழு, பகல் ஒன்று, மாலை ஆறு என மூன்று வேளை தொலைபேசியில் சொல்ல வேண்டும். கீழே இருப்பவர் அதை எழுதிக்கொண்டு, அதற்குத் தக்கபடி பம்பை ஓட்டவோ நிறுத்தவோ வேண்டும். மணி அடித்ததும் "மட்டம் என்ன?" என்றே எடுத்து எடுத்து, கடைசியில் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. கல்யாணம் பண்ணிக்கொள்ளச் சொல்லிச் சொல்லி வாய் வலித்த தங்கை, "எங்க அண்ணன் பம்பு செட்டுக்கு வாக்கப்பட்டுட்டார்" என்று சொல்லிவிட்டு அந்தப் பேச்சையே விட்டுவிட்டாள்.

தொண்ணூற்றொன்றில் மேல் நிலையத்துக்குப் புதியவர் ஒருவர் வந்தார். முதல் மாதம் முழுக்க எண் மட்டும்தான். இரண்டாவது மாதம் இவர் இருமினார். "என்னய்யா, பம்பு இருமுதா நீ இருமறியா?" என்றது மேலிருந்து வந்த குரல். அன்று தொடங்கியது பேச்சு. எண்ணைச் சொல்ல ஐந்து விநாடி. மீதி இருபது நிமிடம் ஊர்க்கதை, மேலே அவர் மனைவி சாப்பாடு ஆறுதென்று கத்தும் வரை. ஆறு வருடம் அப்படி ஓடியது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. ஒருவர் நிலையத்தை விட்டு நகர்ந்தால் இன்னொருவர் யாரிடம் பேசுவது? மட்டக்காரர் தம் ஆயுளில் சிநேகிதன் என்று சொல்லிக்கொண்டது அந்த ஒரு குரலைத்தான்.

அதைக் கெடுத்தது ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு.

தொண்ணூற்று மூன்று அக்டோபரில் வாரியம் இரண்டு நிலையங்களுக்கும் கம்ப்யூட்டர் அனுப்பியது. கூடவே வந்த பட்டியலில் "ஒரே வகை, தலா ஒன்று" என்று தட்டச்சு செய்திருந்தது. மட்டக்காரர் அதில் கையெழுத்துப் போட்டு நகலைக் கோப்பில் வைத்தார். மட்டத்தை அதில் ஏற்ற ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் போதும். மற்ற நேரமெல்லாம் அது உறை போட்டுக்கொண்டு தூங்கியது. மூன்று வருடம் கழித்துக் குளோரின் ஏற்றி வரும் ஜீப் டிரைவர் ஓர் உறையைக் கொடுத்தார். உள்ளே ஒரு ஃபிளாப்பி. "மேல இருந்து குடுத்தனுப்பினார். பொழுது போகலேன்னா ஆடிப் பாப்பீங்களாம்."

ஒரு சுரங்கத்துக்குள் இருபது அறைகள். ஒவ்வொரு அறையிலும் ஒரு கதவு, அதற்கு ஒரு சாவி. ஏழாவது அறை வந்தால் அலமாரியில் இரண்டு சாவிகள் இருக்கும். தவறானதை எடுத்தால் அறைக்குள் வெள்ளம் வந்து ஆட்டம் முடிந்துவிடும். சாவிகள் ஒவ்வொரு முறையும் இடம் மாறும். அதைத் தாண்டினால் எட்டாவது அறையிலும் இரண்டு, ஒன்பதாவதிலும் இரண்டு, அப்படியே கடைசி வரை. மட்டக்காரர் நாற்பத்தொரு முறை ஆடி, நாற்பத்தொரு முறையும் ஏதோ ஓர் அறையில் மூழ்கினார். மானத்தை விட்டு ஒரு நாள் கேட்டேவிட்டார்.

"அந்த ஏழாம் ரூம்ல எந்தச் சாவிய எடுக்கணும்?"

"கதவு என்ன கலரோ அந்தக் கலர் சாவியத்தான். ஏழுல சிவப்பு."

"சிவப்பா? எது சிவப்பு?"

"யோவ், கண்ணு முன்னாடி இருக்குல்ல. ஒண்ணு சிவப்பு, ஒண்ணு பச்சை."

"ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு?"

மறுமுனையில் சிரிப்பு. "சரிதான். சிக்னல்ல நிக்காம போற ஆளா நீ?"

மட்டக்காரருக்குச் சுருக்கென்றது. அவர் திரையில் இருந்தது மஞ்சள். எழுத்தும் மஞ்சள், கோடும் மஞ்சள், சாவியும் மஞ்சள், பின்னால் கறுப்பு. கம்ப்யூட்டர் என்றாலே மஞ்சள் என்றுதான் அவர் நினைத்திருந்தார். வேறொன்றை அவர் கண்ணால் கண்டதில்லை. இரண்டும் ஒரே வகை என்று பட்டியலே சொல்லும்போது, சிவப்பு என்கிறவன் நம்மை வைத்து விளையாடுகிறான் என்றுதான் அவருக்குப் பட்டது.

அதோடு போயிருந்தால் நாலு நாளில் ஆறியிருக்கும். தொண்ணூற்றேழு மார்ச்சில் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது: கீழ் நிலைய ஊழியர் நிறம் பிரித்தறியும் கண் பரிசோதனைக்கு உடனே வர வேண்டும். பம்பு பேனலில் இருப்பதே சிவப்பும் பச்சையும்தான். ஓடினால் பச்சை, கோளாறு என்றால் சிவப்பு. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவனை அங்கே வைக்க முடியாதல்லவா? புள்ளிப்புள்ளியாக அச்சடித்த இருபத்து நான்கு படங்களைக் காட்டினார்கள். இருபத்து நான்கையும் சரியாகப் படித்தார். வெளியே வந்தபோது ஜீப் டிரைவர், "மேல் நிலையத்துக்காரர்தான் இன்ஜினியர்கிட்ட சொல்லியிருக்கார் போல" என்று காதைக் கடித்தார்.

அன்று மாலை ஆறு மணிக்கு மணி அடித்தது. "ரெண்டு புள்ளி நாலு. என்னய்யா, டாக்டர் என்ன சொன்னார்?"

"பதிவாச்சு" என்று சொல்லி மட்டக்காரர் ரிசீவரை வைத்தார்.

அதற்குப் பிறகு ஆறு வருடம் இரண்டு மாதம், ஓய்வு பெறும் நாள் வரை, அந்த ஒரு சொல்தான். மேலிருந்து எண் வரும். கீழிருந்து "பதிவாச்சு" போகும். ஆறாயிரத்து எழுநூறு தடவைக்கு மேல். பதவிக்கு உலை வைக்கப் பார்த்தவனிடம் அதுவே அதிகம் என்று நினைத்திருந்தார். ஓய்வு பெற்று இருபத்தொரு வருடம் ஆகியும் அந்த நினைப்பு மாறவில்லை. இப்போது இருப்பது மூன்றாவது மாடியில் ஓர் அறை. பால்காரனிடம் இரண்டு வார்த்தை, வாரம் ஒரு முறை தங்கை மகளின் போன். தங்கை போய்ச் சேர்ந்து ஆறு வருடம்.

தங்கை மகள் போன மாதம் வந்திருந்தாள். புதிது வாங்கியதால் தன் பழைய மடிக்கணினியை மாமாவுக்குக் கொடுத்தாள். அலமாரியை ஒழுங்குபடுத்தும்போது ஃபிளாப்பியும் கிடைத்தது. எங்கோ ஒரு கடையில் கொடுத்து, அதிலிருந்ததை எடுத்து அனுப்பினாள்.

"மாமா, உங்களுக்கு இந்த வயசுல கேமா?"

"ஆடற வயசுலதான் வேலை பாத்துட்டேனே. இப்ப ஆடறேன்."

அவளிடம் சொல்லாதது ஒன்று: யாரையும் கேட்காமல் அந்த ஏழாவது அறையில் தொடங்கிக் கடைசி அறை வரை தாண்டிவிட வேண்டும். தாண்டிவிட்டால், சிவப்பு பச்சை என்று சொன்னதெல்லாம் புளுகு என்று தமக்குத் தாமே நிரூபித்த மாதிரி. சாவதற்குள் அந்தக் கணக்கு நேராக வேண்டும்.

முதல் நாள், விளையாட்டைச் சொடுக்கினால் இந்தக் கணினியில் இது ஓடாது என்றது. பழைய கணினி மாதிரி வேஷம் கட்டும் மென்பொருள் ஒன்றைப் போடச் சொன்னாள் தங்கை மகள். போட்டார். பாட்டு மட்டும் கேட்டது. திரை முழுக்க இருட்டு. ஆல்ட்டையும் என்டரையும் சேர்த்து அழுத்தச் சொன்னாள். இருட்டு விலகி, நடுவில் தபால் தலை அளவுக்கு ஒரு ஜன்னல் வந்தது. உள்ளே எறும்பு மாதிரி ஓர் ஆள். பூதக்கண்ணாடியை எடுத்து வந்து பார்த்தார்.

"பூதக்கண்ணாடியா? மாமா, ஐயோ! அந்த மென்பொருளோட செட்டிங் ஃபைல் ஒண்ணு இருக்கும். அதத் திறங்க. அவுட்புட்னு ஒரு வரி இருக்கா?"

"இருக்கு. சர்ஃபேஸ்னு போட்டிருக்கு."

"அத அழிச்சிட்டு ஓபன்ஜிஎல்னு போடுங்க. எழுத்து மாறாம."

"எனக்கா சொல்ற?"

ஒவ்வொரு மாற்றத்தையும் தேதி போட்டு, பழைய சொல் ஒரு பக்கம், புதிய சொல் ஒரு பக்கமாக நோட்டில் எழுதிக்கொண்டார். மறு நாள் படம் திரை முழுக்க வந்தது. ஆனால் அகலத் திரையில் இழுபட்டு, ஆளெல்லாம் உருண்டையாக, சாவி பூசணிக்காய் மாதிரி இருந்தது. ஆஸ்பெக்ட் என்ற வரியில் ஃபால்ஸ் என்றிருந்ததை ட்ரூ ஆக்கினார். இரு பக்கமும் கறுப்புப் பட்டை விழுந்து, ஆள் இளைத்துப் பழையபடி ஆனான். நான்காம் நாள், திரை சிமிட்டிக்கொண்டிருந்ததும் நின்றது.

ஒரு கோளாறு மட்டும் போகவில்லை. சுவர் நீலம், தரை பழுப்பு, ஆளின் சட்டை ஊதா. கண்ணைக் குத்தியது. என்ன வரியை மாற்றியும் நிறம் ஒழியவில்லை. ஐந்தாம் நாள் போன் செய்தார்.

"எல்லாம் சரியாயிடுச்சும்மா. கலர்தான் கெட்டுப் போயிருக்கு."

"எப்படிக் கெட்டிருக்கு?"

"அதான், கலர் கலரா வருது. மஞ்சளா வரணும்."

"மாமா, கேமே கலர்லதான் பண்ணியிருப்பாங்க. உங்க ஆபீஸ் மானிட்டர் ஒரே கலர் மானிட்டரா இருந்திருக்கும். அந்தக் காலத்துல ரெண்டு வகையும் இருந்துச்சு. மஞ்சள்லதான் வேணும்னா அதுக்கும் ஒரு வரி இருக்கு, சொல்லவா?"

எழுதிக்கொண்டார். போனை வைத்தார். உடனே அந்த வரியைப் போடவில்லை. முதலில் வண்ணத்திலேயே ஏழாவது அறை வரை போனார். கதவு சிவப்பு. அலமாரியில் ஒரு சிவப்புச் சாவி, ஒரு பச்சைச் சாவி. தெருவில் போகிற குழந்தைகூடச் சொல்லிவிடும். பிறகு வெளியே வந்து வரியை மாற்றி, மீண்டும் உள்ளே போனார். எல்லாம் மஞ்சள். கதவு மஞ்சள், இரண்டு சாவியும் மஞ்சள், கூட்டிக் குறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. மறுபடி வண்ணம். மறுபடி மஞ்சள். நான்கு முறை மாற்றிப் பார்த்தார். நான்கு முறையும் அதேதான்.

பட்டியல்தான் தப்பு. கடையில் ஒரே வகை இரண்டு இல்லாமல் ஒன்றை மாற்றி அனுப்பியிருப்பார்கள், காகிதத்தில் மாற்றவில்லை. மேலிருந்தவன் கண்ணால் கண்டதைத்தான் சொல்லியிருக்கிறான்.

அந்த ஒரு வரியை அப்படியே விட்டுவிட்டால் திரை மஞ்சளாகவே இருக்கும், எதுவும் மாற வேண்டியதில்லை. மட்டக்காரர் அரை மணி நேரம் அந்த மஞ்சள் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். பிறகு ஓய்வூதியர் சங்கத்தின் முகவரிப் புத்தகத்தை எடுத்தார். காலை பதினொன்று பத்துக்கு எண்ணை அழுத்தினார்.

"ஹலோ, யாருங்க?" குரல் கரகரத்திருந்தது. ஆனால் அதேதான்.

என்ன பெயர் சொல்வது என்று யோசிப்பதற்குள் வாய் பழக்கதோஷத்தில், "கீழ் நிலையம்" என்றது.

"அத இடிச்சு எத்தனையோ வருஷமாச்சேங்க…" குரல் நின்றது. "யோவ். நீயா?"

"நான்தான். ஒண்ணு சொல்லணும். எங்க மானிட்டர் ஒரே கலர்யா. மஞ்சள். அதுல சிவப்பே கெடையாது."

"எந்த மானிட்டர்?"

"அந்த கேம். ஏழாவது ரூம்."

"மஞ்சளா?"

"மஞ்சள். இன்னைக்குத்தான் தெரியும்."

"அடப்பாவி. இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லய்யா. நான் நெஜமாவே உனக்குக் கண்ணு தெரியலேன்னு நெனச்சேன். இன்ஜினியர்கிட்ட சொன்னது நான்தான்."

"தெரியும்."

"மாட்டி விடறதுக்கில்ல. ஒத்த ஆளு அந்த மோட்டாரோட கெடக்கறே. சிவப்பு விளக்கு எரியறது தெரியாம பேனல்ல கை வெச்சேன்னா? எனக்குத் தூக்கமே வரலய்யா."

தம்மைப் பற்றி யாருக்கோ தூக்கம் வராமல் போயிருக்கிறது. அந்த ஆளுக்கு ஆறு வருடம் "பதிவாச்சு" சொல்லியிருக்கிறோம்.

"தப்பு என் மேலதான்" என்றார்.

"விடு. ஆனா ஒண்ணு கேக்கறேன். தொண்ணூத்தொம்பதுல கொஞ்ச நாள் வேற ஆளு மட்டம் சொன்னான். ஞாபகம் இருக்கா?"

"ஆகஸ்ட் எட்டாந்தேதி ஒரு மணியிலேர்ந்து பதினெட்டு சாயங்காலம் வரைக்கும்."

"ஏன்னு கேக்கலியே நீ."

மட்டக்காரர் மடிக்கணினியை மூடினார்.

"அவ போயிட்டாய்யா. நாம பேசிட்டிருந்தா பின்னாலேர்ந்து சாப்பாடு ஆறுதுன்னு கத்துவாளே, அவதான். பத்தொம்பதாந்தேதி காலைல நானே போன் பண்ணேன். மட்டத்தச் சொல்லிட்டு வெக்காம இருந்தேன். நீ ஒரு வார்த்தை கேப்பேன்னு."

மட்டக்காரருக்கு அந்தக் காலை நினைவிருந்தது. பழைய குரல் திரும்பி வந்ததும் நெஞ்சில் இருந்த ஏதோ ஒன்று இறங்கியது. ஆனாலும் அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுத்தான் வைத்தார்.

"உன் குரலக் கேட்டதும் எனக்கு நிம்மதியாத்தான் இருந்துச்சு" என்றார் மெல்ல.

"அதையாவது சொல்லித் தொலைச்சிருக்கலாம்."

"சொல்லல. இப்பக் கேக்கறேன். அவங்களுக்கு என்னய்யா ஆச்சு?"

மறுமுனையில் நாற்காலி இழுபடும் ஓசை கேட்டது. கதவைச் சாத்தும் ஓசையும் கேட்டது.

"உனக்கு இப்ப ஏதாவது வேலை இருக்கா?"

"ஒண்ணுமில்ல."

"மகன் வீட்டுல யாருக்கும் இதெல்லாம் கேக்க நேரமில்ல. சொல்றேன், கேளு. அது ஒரு ஞாயித்துக்கெழம. காலைல மட்டம் பாத்துட்டு வரேன், அவ வாசல்ல நின்னுட்டிருக்கா…"