பத்தாவது கோட்டில் ஒரு பகல்

கிறிஸ்துமஸ் முடிந்த மூன்றாம் நாள், காலை 6.40க்குத் திருக்கோகர்ணத்தில் டவுன் பஸ் ஏறினேன். பையில் தண்ணீர் பாட்டில், ஒரு டப்பா கேக், முழுக்க சார்ஜ் ஏற்றிய போன்.

என் கணவர் சேவியர் சரக்குக் கப்பலில் சமையல்காரர். ஏழு மாதமாகக் கடலில் இருக்கிறார். ஆவூர் மாதா கோயிலில் இந்த வருடக் கிறிஸ்துமஸ் பூசைக்கு அவர் தங்கையுடன்தான் போனேன். கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை சேவியரிடமிருந்து செய்தி வந்தது: கப்பல் அரபிக்கடலில் தெற்கே வருகிறது, நாளை பதினொன்றரை வாக்கில் பத்தாவது வடக்கு அட்சக்கோட்டைத் தாண்டும். வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். அந்தக் கோடு எங்கள் மாவட்டத்தின் தெற்கு ஓரமாகவே போகிறது. ஆவுடையார்கோயிலுக்குத் தென்மேற்கே எழுபத்தொன்பதாவது தீர்க்கக்கோடு அதை வெட்டுகிறது. பதினாறு வருடமாகப் பள்ளியில் இந்தக் கோடுகளைப் பாடம் நடத்துகிறேன். ஒன்றின் மேலும் போய் நின்றதில்லை. அவர் தாண்டும்போது நானும் அதே கோட்டில் இருக்க வேண்டும் என்று தோன்றிவிட்டது.

8.50. அறந்தாங்கியில் இறங்கி நான்கு இட்லி சாப்பிட்டேன். அங்கிருந்து பதினான்கு கிலோமீட்டர் ஆவுடையார்கோயில். 9.50க்கு அந்த ஊர் ஆட்டோ ஸ்டாண்டில் நின்றேன். ஓட்டுநர் ராஜேந்திரன் எந்த ஊர் என்று கேட்டார். ஊர்ப் பெயர் தெரியாது, கோடுகளின் எண்தான் இருக்கிறது என்று போனைக் காட்டினேன். அவர் அதை வாங்கிப் பார்த்தார்.

“ஏறுங்க. நம்பர் கொறையிற பக்கமா போவோம்.”

போக வர நானூறு ரூபாய் பேசிக்கொண்டோம். இருபுறமும் கண்மாய்கள் நிரம்பிக் கிடந்தன. ஒவ்வொரு முக்கிலும் நிறுத்தி, எண் கூடினால் வண்டியைத் திருப்பினார். 10.55க்கு ஒரு வயல்வெளியில் பாதை முடிந்தது. அவர் வேப்பமர நிழலில் நின்றுகொண்டார். நான் போனை நீட்டிப் பிடித்தபடி வரப்பில் நடந்தேன்.

புல்லறுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து வழியை மறித்தாள். நாற்பது வயதிருக்கும்.

“அளக்க வந்தீங்களா?”

இல்லை என்றேன். சும்மா ஒரு இடத்தைப் பார்க்க வந்தேன் என்றேன்.

“போன தடவ வந்தவங்களும் சும்மான்னுதான் சொன்னாங்க. மறுநா பாத்தா கல்லு நட்டுக் கெடக்கு.”

யார் நட்டார்கள், எதற்கு நட்டார்கள் என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லையாம். அன்றிலிருந்து தூக்கம் சரியில்லை என்றாள். மணி 11.10. நான் டீச்சர் என்று சொல்லி, சேவியரின் படத்தைக் காட்டி, அவர் அனுப்பிய செய்தியையும் திறந்து கையில் கொடுத்தேன். அவள் எழுத்துக்கூட்டாமல் முழுவதும் படித்தாள். தன் வீட்டுக்காரர் நான்கு வருடமாகக் குவைத்தில் இருப்பதாகச் சொல்லிவிட்டு வழிவிட்டாள். பெயர் பாண்டியம்மாள்.

11.20. வரப்பின் திருப்பத்தில் போன் அட்சக்கோடு சரியாகப் பத்து என்று காட்டியது. தீர்க்கக்கோட்டுக்கு இன்னும் நாற்பது மீட்டர் மேற்கே போக வேண்டும். அங்கே அவளுடைய நெல் பால்பிடித்து நின்றது. எனக்கு இதுவே போதும், அவர் தாண்டப்போவது இந்தக் கோட்டைத்தான் என்றேன்.

“இம்புட்டுத் தூரம் வந்துட்டு இங்கனயே நின்னா எப்படி? போனக் குடுங்க.”

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினாள். ஒரு கதிர்கூட ஒடியாமல் பக்கவாட்டில் நடந்தாள். எண்களை உரக்கப் படித்துக்கொண்டே போனாள். இரண்டு அடி முன்னே, ஓர் அடி பின்னே. பிறகு நின்றுவிட்டாள்.

“டீச்சர், எல்லாம் முட்டையா வந்துருச்சு.”

அந்நேரம் பார்த்து அவள் கையில் போன் அடித்தது. வீடியோ அழைப்பு. நெல்லுக்கு நடுவில் நின்று அவள் பேசுவது வரப்பு வரை கேட்டது.

“அண்ணே, ஒங்க வீட்டம்மா வரப்புல நிக்கிறாங்க. கோட்டுல நாந்தான் நிக்கிறேன்.”

போன் என் கைக்கு வந்தபோது சேவியர் சிரித்துக்கொண்டிருந்தார். சாம்பாரை அடுப்பில் விட்டுவிட்டு மாலுமி அறைக்கு ஓடிவந்திருக்கிறார். அங்கிருந்த திரையைக் காட்டினார்: பத்து வடக்கு, எழுபத்தைந்து கிழக்கு. எங்களுக்கிடையே நான்கு பாகை, சுமார் நானூற்று நாற்பது கிலோமீட்டர். எனக்கு உச்சிப்பொழுது ஆகிப் பதினாறு நிமிடம் கழித்துத்தான் அவருக்கு ஆகும். சாம்பார் அடிப்பிடிக்கும் என்று நான்தான் அனுப்பிவைத்தேன்.

12.15. பாண்டியம்மாள் வீட்டில் மோர் குடித்தோம். ராஜேந்திரனும் வந்து கேக் சாப்பிட்டார். குவைத் எத்தனையாவது கோட்டில் இருக்கிறது என்று அவள் கேட்டாள். இருபத்தொன்பது என்றேன். விரல்விட்டு எண்ணினாள்.

“பத்தொம்பது கோடு தள்ளியிருக்காரு. எங்க வீட்டு நம்பரையும் எழுதிக் குடுங்க. அவருக்குப் படிச்சு அனுப்புறேன்.”

வாசலில் நின்று போனைப் பார்த்து, காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன். நான் ஆட்டோவில் ஏறும்போது, ஒவ்வொரு எண்ணாக நிறுத்தி நிறுத்திப் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மாலை 5.10க்கு வீடு வந்தேன். கதவைத் திறக்கும் முன் படியில் நின்று எங்கள் எண்ணைப் பார்த்தேன். பத்துப் பாகை இருபத்துநான்கு நிமிடம் வடக்கு, எழுபத்தெட்டுப் பாகை நாற்பத்தொன்பது நிமிடம் கிழக்கு. அதை மட்டும் சேவியருக்கு அனுப்பினேன். செருப்பைக் கழற்றுவதற்குள் பதில் வந்தது.

“குறிச்சுக்கிட்டேன். நாப்பத்தஞ்சு நாளுல அங்க வாரேன்.”