வடிகஞ்சி

சோறு பங்கிடுவதில் எங்கள் அம்மாவை யாரும் குறை சொல்ல முடியாது. எல்லாத் தட்டுக்கும் அகப்பையை ஒரே மட்டமாகத் தட்டித்தான் போடுவாள். மாமாவுக்கு எவ்வளவோ அவ்வளவுதான் எனக்கும். நான் சுண்டெலி மாதிரி இருந்தேன். ஆனாலும் அந்த நியாயம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

அப்பா காய்ச்சலில் போனபின், மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்து வரிசைவீடான லயத்தில் அம்மாவின் தம்பிதான் எங்களுக்குத் துணை. உலகத்துப் பெரிய சண்டை முடிந்து, கப்பலில் அரிசி வருவது குறைந்துபோன காலம் அது. தோட்டத்தில் அரிசியைக் குறைத்துக் குரக்கன் என்கிற கேழ்வரகை அளந்தார்கள். அதிலும் அன்றைய வேலையை முடித்தவருக்குத்தான் முழுப்பங்கு. முடிக்காதவருக்குக் கணக்கப்பிள்ளை அரைப்பேர் போடுவார், பங்கும் பாதியாகிவிடும்.

மாமாவுக்குக் கான் வெட்டுகிற வேலை. மழைத்தண்ணீர் ஓடுவதற்காக மலைச்சரிவில் மண்ணைப் பிளந்து வாரிப்போட வேண்டும். அரிசி தாராளமாகக் கிடைத்த நாட்களில் அவர் சாப்பிடுவதைப் பார்த்து லயமே கேலி செய்யும். இப்போது எனக்குப் போட்ட அளவையே தின்றுவிட்டு எழுந்து போனார். அக்காவிடம் இன்னும் கொஞ்சம் கேட்க அவருக்கு வெட்கம்.

ஒருநாள் மதியம் அவருக்கு ரொட்டி கொண்டுபோனேன். வெட்டிய கானுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். மண்வெட்டி மடியில் கிடந்தது. ரொட்டியை வாங்கி இரண்டே வாயில் விழுங்கினார்.

"அம்மாகிட்ட சொல்லாத தாயி. இன்னைக்கும் அரைப்பேர்தான்," என்றார்.

சொல்லாதே என்றால் சொல்லாமலிருக்கிற பிள்ளையா நான்? ஓடிப்போய் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அன்று சாயங்காலம் அகப்பை மாமாவின் தட்டுக்கே திரும்பத் திரும்பப் போனது. மாமா குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். நான் என் தட்டை நீட்டினேன்.

"இது என்ன நாயம், அம்மா?"

"பெரிய அடுப்புக்கு வெறகு கூடத்தான் வேணும். அவன் மலையையே பேத்தெடுக்குறான். நீ என்னத்த செய்ற?"

"அப்ப ஒனக்கு?"

"எனக்கென்னடி. கொழுந்து கிள்ள வெரலு அசைஞ்சா போதாதா?"

நம்பிவிட்டேன். நிறைந்த கூடையோடு மலை ஏறி இறங்க விரல் மட்டும் போதாது என்பது, பின்னால் அந்தக் கூடையை நானே சுமந்தபோதுதான் தெரிந்தது. மாமா மறுபடி முழுப்பேர் வாங்கினார். அம்மா பானையில் வடித்த கஞ்சியில் உப்பைப் போட்டுக் குடித்துவிட்டுப் படுத்தாள். அவள் வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது. எனக்கு அதைத் தள்ளி விளையாடுவது பிடிக்கும்.

"எங்கம்மாவுக்கு வடிகஞ்சின்னா உசிரு," என்று லயம் முழுக்கப் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன்.

மறுநாளே எங்கள் சுவரை ஒட்டிய பக்கத்துக் காம்பரா அக்கா ஒரு சட்டியில் தன் வீட்டு வடிகஞ்சியைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"ஒனக்கு இது புடிக்கும்னு பாப்பா சொல்லிச்சு," என்றாள். சட்டியை வைத்துவிட்டு உடனே போய்விட்டாள்.

அம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து குடித்தாள். கஞ்சி தீர்ந்தபோது சட்டியின் அடியில் ஒரு பிடி சோறு கிடந்தது. கஞ்சிகூட வடிக்கத் தெரியாத அக்கா என்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. ஒரு பருக்கை விடாமல் வழித்துத் தின்றாள்.