துரை தேடிய நடுத்தூண்

அன்று பர்மாவில், போட்டாதாங் துறைமுகத்தை ஒட்டிய எங்கள் தச்சுப் பட்டறையில் இருந்தவர்கள் நாலே பேர்: நான், என் மனைவியின் அண்ணன், வேலை கொடுத்த துரை, அவருக்குக் குடை பிடித்துவந்த பர்மாக்காரர்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் ஒரு மழைக்காலம். துரை மறுநாள் சீமைக்குக் கப்பல் ஏறுகிறார். அவருடையது வாரச்சந்தை கூடும் சின்ன ஊர். அங்கே தலைமுறைகளாக நிற்கும் சந்தை மண்டபத்தைத் தேக்கில் முழ உயர மாதிரியாகச் செய்யச் சொல்லி, ஒரு தபால் அட்டைப் படமும் தந்திருந்தார். ஊருக்குப் பரிசளிக்கப் போகிறாராம். பேசிய கூலி நாற்பது ரூபாய். அது கைக்கு வந்தால்தான் என் மனைவியை ஊரிலிருந்து அழைத்துவரக் கப்பல் கூலி அனுப்பமுடியும்.

வேலையில் ஒரு குறை இருந்தது. படத்தில் முகப்புக்கு ஐந்து தூண். நாங்கள் செய்ததில் நாலு.

“நட்டநடுவுல தூண் நின்னா வாசலை மறிக்கும் மாப்ளே. எந்தக் கட்டடத்துக்கும் ஆகாது,” என்று ஒன்றை விட்டுவிட்டவர் மச்சான்தான். “வெள்ளைக்காரன் தூணையா எண்ணப்போறான்?”

“எண்ணினா உங்க தங்கச்சி அங்கேயே கெடக்கணும்.”

“அவ வாய்க்கு அது உமக்கு நல்லதுதான்.”

துரை எண்ணவில்லை. குனிந்து நேராக நடுவில் விரலை வைத்தார். விரல் வெறுமைக்குள் போனது.

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனாலும் துறைமுகத்தில் பழகிய இந்துஸ்தானியில் அவர் சொன்னது புரிந்தது. எடையில் ஏமாற்றிய வெண்ணெய் வியாபாரிகளை அந்தக் காலத்தில் நடுத்தூணில்தான் கட்டிவைப்பார்களாம். இரும்பு வளையம் இன்னும் இருக்கிறதாம். வெளியூர்க்காரர்கள் வருவதே அதைப் பார்க்கத்தானாம்.

“நம்மளைக் கட்டத்தான் தேடறாரு போல,” என்று மச்சான் என் காதில் முணுமுணுத்தார்.

நடு வளைவுக்குள் ஒரு தூணைச் செருகித் தருகிறேன் என்றேன். துரை முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவர் பார்க்கப் பார்க்க உளி வழுக்கியது. ஒரு கட்டை பிளந்தே போயிற்று. அடுத்ததை எப்படியோ செதுக்கி, கம்பியை வளைத்து வளையம் மாட்டி, பசை தடவி நிறுத்தினேன். அந்த ஈரத்தில் பசை எங்கே காயும்? தொட்டால் ஆடியது.

துரையும் தொட்டுப் பார்த்தார். பதினைந்து ரூபாயை எண்ணி வைத்தார். கடல் தாண்டியும் தூண் நின்றால் மீதியைத் தபாலில் அனுப்புவதாகச் சொன்னார். குடைக்காரர் மண்டபத்தைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டார்.

அந்தப் பதினைந்தும் தேக்கு வாங்கிய கடைக்குப் போயிற்று. தபால்காரர் எங்கள் தெருவுக்குள் திரும்பும்போதெல்லாம் வேலையைப் போட்டுவிட்டு எழுந்து நின்றேன். தூண் நின்றதா விழுந்ததா என்று இன்றுவரை தெரியாது. என் மனைவி அடுத்த வருஷம்தான் வந்து சேர்ந்தாள், அதுவும் கடன் வாங்கிய கப்பல் கூலியில். துரையிடம் பாக்கி இருபத்தைந்து ரூபாய்.