கிணற்றுக்கு வந்த சைக்கிள் சக்கரம்

எங்கள் வீட்டுக் கிணற்றில் அப்போது உருளை கிடையாது. குனிந்து நின்று கயிற்றைக் கையாலேயே இழுக்க வேண்டும். அம்மாவின் உள்ளங்கையில் கயிறு அறுத்த தடம் எப்போதும் இருக்கும். மிளகாய்க் காம்பு கிள்ளினால் அந்தத் தடம் எரியும். கையை மோருக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

மாமா, அம்மாவின் தம்பி, தொண்டியில் ஒரு சைக்கிள் கடையில் வேலை பார்த்தார். ஒருநாள் வந்தவர் அக்கா கையைப் பார்த்தார். அடுத்த தடவை கேரியரில் ஒரு பழைய முன்சக்கரத்தை, அதைப் பிடித்திருக்கும் போர்க் கவையோடு கட்டிக்கொண்டு வந்தார். டயர் இல்லை, டியூப் இல்லை. நடுவில் கிரீஸ் புதிதாக வைத்திருந்தார். பனங்கட்டை இரண்டு நட்டு, குறுக்கே ஒன்று போட்டு, அதில் தொங்கவிட்டார். டியூப் கிடக்கும் பள்ளத்தில் கயிறு போய்ப் படிந்தது.

"இனிக் குனிய வேணாம்க்கா. நின்னமேனிக்கே கீழ இழு. உன் கனமே வாளியத் தூக்கிரும்."

"என்னையக் குண்டுங்கிறியாடா?" என்று அம்மா சிரித்தாள்.

சின்னப் பிள்ளை நான் இழுத்தேன், எனக்கும் வாளி வந்தது. பக்கத்து வீட்டுப் பெண்களும் குடத்தோடு வந்தார்கள். "எந்தம்பி போட்டது" என்று சொல்லிச் சொல்லி அம்மா இறைக்க விட்டாள்.

அந்த வருசம் மழை இல்லை. மிளகாய்ச் செடி வாடியது. அய்யா, என் அப்பா, கிணற்றிலிருந்து மிளகாய்க் கொல்லைக்கு வாய்க்கால் வெட்டினார். முன்னே என்றால் நினைத்தே பார்த்திருக்க மாட்டார், கை தாங்காது. இப்போது ஆள் மாற்றி ஆள் பொழுதெல்லாம் இறைத்தோம்.

எங்கள் ஊருக்குக் கடல் கிட்டத்தில். நல்ல தண்ணீர் மேலாகக் கிடக்கும், அடியில் உப்பு. மேலே உள்ளதை அள்ளி முடித்தால் அடியில் உள்ளது ஏறிவிடும். பெரியவர்களுக்கு இது தெரியும். தெரிந்துதான் இறைத்தார்கள். சக்கரம் அவ்வளவு லேசாகச் சுற்றியது.

ஒருநாள் கஞ்சி கரித்தது. உப்புக் கூடிவிட்டது என்று அம்மா மறுநாள் உப்பே போடவில்லை. அப்போதும் கரித்தது. செடிகள் நுனி கருகின.

மாமா வந்தபோது நாலு பேர் முன்னால் அய்யா கேட்டார்.

"நல்லாக் கெடந்த கெணத்த நாசமாக்கிட்டியே மாப்ள."

மாமா ஒரு வாய் அள்ளிக் குடித்தார். துப்பவில்லை, முழுங்கினார்.

"குடிக்கத்தான மச்சான் மாட்டுனேன். கொல்லைக்குமா?"

தப்பு தன் மேல் திரும்பினால் அய்யாவுக்குக் கோபம் வரும்.

"கழட்டிட்டுப் போ. இனி இந்த வாசல மிதிக்காத."

அம்மா இரண்டு பேரையும் பார்த்தாள்.

மாமா ஸ்பேனரை எடுத்தார். சக்கரம் எனக்கு வேணும் என்றேன். உருட்டி விளையாட எனக்கென்று ஒரு ரிம் இல்லாத காலம்.

"நீயே வச்சுக்க தாயி."

போர்க்கை மட்டும் கேரியரில் கட்டிக்கொண்டு ஏறி மிதித்தார். நான் குச்சியால் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு ஊர் எல்லை வரைக்கும் பின்னாலேயே ஓடினேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பந்தயம் என்று நினைத்துச் சிரித்தேன்.

இப்போது குழாயில் தண்ணீர் வருகிறது. கிணறு உப்பாகவே கிடக்கிறது. மாமா அதற்குப் பிறகு ஒரே தடவைதான் எங்கள் வாசலுக்கு வந்தார், அம்மா சாவுக்குப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை எடுத்துக்கொண்டு.

அன்று சக்கரத்தோடு ஊர் எல்லையிலிருந்து நான் திரும்பியபோது அம்மா வாசலில் நின்று பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் உருட்டுவதைத்தான் பார்க்கிறாள் என்று நினைத்தேன். இன்னும் வேகமாக உருட்டிக் காட்டினேன்.