வலிக்கு

கோட்டைக்குள் என் மாமனார் வீட்டு அடுக்களையின் ஓட்டுக்கூரைமேல் பலாமரத்தின் பெருங்கொம்பு ஒன்று நீண்டிருந்தது. அதை அறுத்து இறக்க மரமேறி வந்த அன்று, கொம்பின் பாரம் தாங்கும் வடத்தை மாமனார் என் சகலையிடம் கொடுத்தார். அவர் அதை அடிமரத்தில் மூன்று சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டார். கொம்பு கூரைப் பக்கம் போகாமல் இழுக்கும் சிறு கயிறுதான் எனக்கு. அந்த வீட்டில் காப்பிகூட அவர் குடித்து முடித்த பிறகுதான் எனக்கு வரும்.

கொம்பு அறுபட்டுத் தொங்கியதும் மரமேறி, "வலிக்கு, வலிக்கு" என்று கத்தினான். நான் கயிற்றை விட்டுவிட்டேன். கொம்பு கூரையை நோக்கி வீசிப் போயிற்று. சகலை வடத்தை விடாமல் பிடித்ததால் ஓட்டுக்கு ஒரு சாண் மேலே ஆடி நின்றது.

"அவனுக்கு எங்கேயோ வலிக்கறதாக்கும்னு பயந்துட்டேன்" என்றேன்.

"பாவம், திருநெல்வேலிக்காரர். இங்கே மலையாளத்துலே வலிக்குன்னா இழுன்னு அர்த்தம். மாப்பிள்ளைக்கு எப்படித் தெரியும்?" என்றார் மாமனார். பிறகு சகலையின் சிவந்த உள்ளங்கையில் தாமே எண்ணெய் தடவினார்.

எனக்குத் தெரியும். ஆபீசில் பங்கா விசிறியை இழுப்பவனைப் பார்த்து மலையாளி மேலதிகாரி பகல் முழுவதும் கத்துவது அந்தச் சொல்லைத்தான்; என் மனைவியிடம் அதை அப்படியே கத்திக் காட்டிச் சிரித்ததும் உண்டு. கொம்பு சகலையின் பிடியில் இருக்கும்போது ஒரே ஒரு ஓடாவது உடையட்டும் என்றுதான் விட்டேன்.

மறுநாள் காலை கிணற்றடியில் என் மனைவி வாளியை உள்ளே இறக்கிவிட்டுக் கயிற்றை என்னிடம் தந்தாள்.

"கொஞ்சம் வலியுங்கோ" என்றாள்.

இழுத்தேன். வாளி பாதி ஏறியபோதுதான் அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கவனித்தேன்.